மதுரையிலிருந்து டிராக்குக்கு: சொந்தக் காரில் ஒரு ரேஸ் வார இறுதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் முழுக்க ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிற காரை சனி, ஞாயிறில் டிராக்கில் விரட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்ப நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கார் கிளப் நண்பர்கள் சேர்ந்து டிராக்கை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற 'டிராக் டே'யை வைத்தே பெரும்பாலான பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. திங்கட்கிழமை காலையும் அந்த வண்டி உங்களுக்கு வேண்டும் என்பதை மறக்காமல் படியுங்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் எங்கே ஓட்டலாம்?

மதுரையில் ரேஸ் டிராக் இல்லை. பக்கத்தில் இருப்பது கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. சுமார் 215 கி.மீ. இந்திய ரேஸ் கார் வடிவமைப்பின் முன்னோடியான எஸ். கரிவரதன் நினைவாகப் பெயர் வைத்து 2003-ல் திறந்தார்கள். சுற்று 2.1 கி.மீ. இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். முழுச் சுற்று 3.7 கி.மீ. மதுரையிலிருந்து சுமார் 450 கி.மீ.

முதல் முறை என்றால் கரிக்கே போங்கள். சுற்று சின்னது என்பதால் ஒரே வளைவு ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். செய்த தப்பு மனதில் இருக்கும்போதே திருத்திக்கொள்ள அடுத்த வாய்ப்பு வந்துவிடும். இருங்காட்டுக்கோட்டையில் வேகமும் அதிகம், பிரேக்குக்கும் வேலை அதிகம். வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு அங்கே போவது நல்லது.

ரிங் ரோட்டில் விடிகாலை நாலு மணிக்கு ஆளே இருக்காதே, அங்கே பழகிக்கொள்ளலாமா?

கூடாது. கப்பலூர் – உத்தங்குடி ரிங் ரோடு ஆனாலும், நத்தம் மேம்பாலம் ஆனாலும் பதில் இதுதான். நாலு மணிக்குத்தான் பூ ஏற்றிய வேனும், பால் வண்டியும், லைட் இல்லாத சைக்கிளும் வரும். பொது இடத்தில் வேகப்போட்டி நடத்துவதோ கலந்துகொள்வதோ மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம்: முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; மறுமுறை ஒரு வருடம், 10,000 ரூபாய் வரை போகும். டிராக்கில் வளைவுக்கு வளைவு கொடி காட்டி எச்சரிக்கும் மார்ஷல் நிற்கிறார், ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது, எதிரே வண்டி வராது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் வேகம் பழகுவது அடுத்தவர் உயிரைப் பணயம் வைப்பது.

ஊரில் பழக வேண்டுமானால் உரிமையாளர் அனுமதி பெற்ற காலி மைதானத்தில் 40 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் அடித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். எப்படி இருக்கும் என்று காலுக்குப் பழக்குங்கள். பெடல் அடியில் 'டரட் டரட்' என்று அதிரும். அந்த அதிர்வைக் கண்டு காலை எடுத்துவிடாமல் இருக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

டிராக் டேக்கு ரேஸ் லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். சாதாரண கார் ஓட்டுநர் உரிமம் போதும். டிராக் டேயில் யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை, முந்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு. இடம், புள்ளி, கோப்பை என்று வந்துவிட்டால் அது ரேஸ். அதற்கு இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வழங்கும் போட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

என் கார் சாதாரண ஹேட்ச்பேக். தாங்குமா?

ஸ்விஃப்ட், போலோ, ஐ20, ஃபிகோ, பலேனோ போன்ற மேனுவல் கியர் பெட்ரோல் வண்டிகள் தாராளமாகத் தாங்கும். பழைய எஸ்டீமும் ஜென்னும்கூட ஓடும். இந்திய ரேஸ் உலகம் பல வருடம் எஸ்டீமின் முதுகில்தான் நின்றது. எடை குறைவான வண்டி டயரையும் பிரேக்கையும் குறைவாகத் தின்னும். அதனால் 80 குதிரைத்திறன் உள்ள சின்ன வண்டி, கற்றுக்கொள்ள 150 குதிரைத்திறன் வண்டியைவிட நல்லது.

உயரமான எஸ்.யூ.வி.யைக் கொண்டுவராதீர்கள். எடை மேலே இருப்பதால் வளைவில் வெளிப்பக்க முன் டயர் மடங்கும், கவிழும் ஆபத்தும் உண்டு. பல அமைப்பாளர்கள் உள்ளேயே விடுவதில்லை. சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நாலைந்து சுற்றில் சூடாகிப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். மின்சாரக் கார் வேகமாகத்தான் போகும். ஆனால் எடை பிரேக்கைச் சோதிக்கும், பேட்டரி சூடானதும் சக்தி குறையும்.

ஓட்டக் கூடாத வண்டி எது என்றால், ஆயில் ஒழுகுவது, கூலன்ட் குறைந்துகொண்டே போவது, ஸ்டியரிங்கில் ஆட்டம் இருப்பது, ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டின் கிரீஸை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருப்பது. கிழிந்த பூட்டிலிருந்து தெறிக்கும் கிரீஸ் டிஸ்க் மேலே விழுந்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது.

எதை மாற்ற வேண்டும்? ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ரீமேப் (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றுவது)?

எதுவும் வேண்டாம். முதலில் பிரேக் ஆயில் மாற்றுங்கள். சில நூறு ரூபாயில் டிராக்குக்காகச் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அதுதான்.

காரணம் இது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230. ஈரம் ஏறியபின் டாட் 3-க்கு அந்த அளவு 140 ஆகவும், டாட் 4-க்கு 155 ஆகவும் இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது அந்தச் சூடு வராது, அதனால் மூன்று வருடப் பழைய ஆயிலும் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். டிராக்கில் ஐந்தாவது சுற்றில் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்தால் பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது.

டாட் 4 ஊற்றுங்கள், டாட் 5.1 கிடைத்தால் இன்னும் நல்லது, அது 260 டிகிரி வரை தாங்கும். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிகான். பெயரைப் பார்த்து ஏமாந்து அதை ஊற்றிவிடாதீர்கள், மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

நமக்கு நாமே மாற்றலாமா?

இரண்டு பேர் இருந்தால் ஒரு மணி நேர வேலை. 500 மில்லி பாட்டில் இரண்டு, சக்கரத்தருகே ஆயிலை வெளியேற்றும் நிப்பிளின் அளவுக்கு ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 எண்), ஒரு முழ நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப், ஒரு காலி தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சீல் உடைத்து மாதக்கணக்கில் வைத்திருந்த ஆயில் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

போனெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் உள்ள கறுத்த ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றுங்கள். நம் ஊர் வண்டியில் டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால் இடது பின் சக்கரம்தான் தூரம். வழக்கமாக அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வரவேண்டும். சில வண்டிக்கு வேறு வரிசை சொல்லியிருப்பார்கள், சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி மறுமுனையைப் பாட்டிலில் உள்ள கொஞ்சம் ஆயிலுக்குள் முங்க விடுங்கள். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடித்து "பிடிச்சுட்டேன்" என்று சொன்னதும், கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் திருப்பு திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகு "விடு" என்று சொன்னால்தான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை தப்பினால் காற்று உள்ளே போய்விடும். டீ நிறத்தில் வந்த ஆயில் தெளிந்து, குமிழி நிற்கும்வரை தொடருங்கள். எட்டுப் பத்து மிதிக்கு ஒருமுறை மேலே டப்பாவை நிரப்புங்கள். அது காலியாகிக் காற்று இழுத்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அது பெயின்டை உரிக்கும்.

முடித்தபின் இன்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது; அந்த வண்டியைத் தெருவுக்கே எடுக்க வேண்டாம். பிரேக் வேலை பழகாதவர் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பக்கத்தில் நின்று பார்ப்பதே சரி.

பிரேக் பேட்?

பாதிக்கு மேல் கனம் இருக்க வேண்டும். தேய்ந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேராக ஆயிலுக்குக் கடத்தும். புது பேட் போட்டால் டிராக்குக்கு முந்தின நாள் போடாதீர்கள். ஒரு வாரம் முன்பே போட்டு, காலியான சாலையில் 60-லிருந்து 20 கி.மீ.க்கு மிதமாகப் பத்துத் தடவை பிரேக் பிடித்து, நடுவில் ஆறவிட்டு, படிய வையுங்கள். படியாத பேட் முதல் செஷனில் (ஒரு தடவை டிராக்கில் இறங்கி ஓட்டும் நேரம்) மேல்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கிப் பிடிமானம் இழக்கும்.

டயர் புதிதாகப் போட வேண்டுமா? காற்று எவ்வளவு?

புத்தம் புது டயர் டிராக்குக்கு ஏற்றதல்ல. ஆழமான பட்டன் சூட்டில் நெளிந்து பிய்யும். 3 முதல் 5 மில்லிமீட்டர் ஆழம் உள்ள டயர் நன்றாக வேலை செய்யும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம். ஐந்து, ஆறு வருடம் தாண்டியதும், பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ இருப்பதும், ரீட்ரெட் செய்ததும் கூடாது. பக்கவாட்டில் பங்க்சர் ஒட்டிய டயரும் அப்படியே.

காற்று விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். காலையில் ஆறிய டயரில் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை வையுங்கள், 33 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு செஷன் ஓடி வந்ததும் சூட்டில் அது 39, 40 ஆகியிருக்கும். அப்போது டயர் நடுவில் உப்பி, பிடிமானம் குறையும். பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம்) வந்த உடனே, ஆறுவதற்குள், 35 அல்லது 36-க்கு இறக்குங்கள். வளைவுகளில் அதிகம் உழைக்கும் வெளிப்பக்க டயரில் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூட ஏறியிருக்கும், அதையும் சமப்படுத்துங்கள்.

எவ்வளவு இறக்கினால் சரி என்று டயரே சொல்லும். டயரின் தோளில், பட்டன் முடிந்து பக்கவாட்டு தொடங்கும் இடத்தில், பல டயர்களில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதன் குறுக்கே வெள்ளை சாக்பீஸால் விரல் அகலக் கோடு போட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு முக்கோண முனைவரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டிப் பக்கவாட்டுக்குள் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். முனையைத் தொடவே இல்லை என்றால் இன்னும் இறக்கலாம்.

சொந்தமாகக் காற்றுமானி கையில் வேண்டும். பங்க் மானிக்கு மானி அளவு மாறும்.

வீல் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

சின்னக் கார்களில் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் வண்டியின் புத்தகத்தில் சரியான எண் இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று கிளப்புக்குப் பொதுவாக வாங்கி வையுங்கள். காற்றுத் துப்பாக்கியில் இறுக்கிய நட் ஒன்று 150-லும் பக்கத்து நட் 70-லும் நிற்கும், டிஸ்க் லேசாகக் கோணி பிரேக்கில் அதிர்வு வரும். காலையில் ஒருமுறை, முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் ஒருமுறை, ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். வெந்நீர்ச் சூட்டில் இருக்கும்போது இறுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். நம் ஊர் மோட்டார் பாலிசிகளில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியில் ஒழுங்கமைக்கப்பட்ட ரேஸ், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை எல்லாம் விலக்கப்பட்டவை என்று அச்சிட்டிருப்பார்கள். டிராக்கில் சுவரில் மோதினால் செலவு உங்களுடையது. ரோட்டில் இடித்ததாகக் கதை கட்டி கிளெய்ம் போடுவது மோசடி, அதைச் செய்யாதீர்கள். இ.எம்.ஐ. பாக்கி இருக்கும் வண்டியைக் கொண்டுவருவதற்கு முன் வீட்டில் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சொந்த விபத்து, மருத்துவக் காப்பீட்டிலும் இதே விலக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹெல்மெட், உடை?

முழு முகம் மூடும் ஹெல்மெட் கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பைக் ஹெல்மெட்டைப் பல டிராக் டேக்களில் ஏற்பார்கள்; முன்கூட்டியே கேளுங்கள். ரேஸுக்குப் போவதாக இருந்தால் ஸ்னெல் என்ற ஹெல்மெட் தரச் சான்றில் எஸ்.ஏ. வகை அல்லது உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தரம் வேண்டும். பைக்குக்கான ஸ்னெல் எம் வகையில் தீத் தாங்கும் உள்துணி கிடையாது. விழுந்த ஹெல்மெட், ஐந்தாறு வருடம் தாண்டிய ஹெல்மெட் இரண்டும் வேண்டாம்.

முழுக்கை பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட். நைலான், பாலியஸ்டர் ஜெர்சி சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். செருப்பு கூடாது; அடி மெல்லிய, கயிறு கட்டிய ஷூ போதும். கனத்த அடி உள்ள ஜாகிங் ஷூவில் பெடல் புரியாது.

எப்போது கிளம்ப வேண்டும், எந்த வழி?

வெள்ளிக்கிழமை மதியமே. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாக வந்து, பல்லடத்திலிருந்து கொச்சி சாலையில் செட்டிபாளையம் போய்விடலாம். கோவை ஊருக்குள் நுழையவே வேண்டாம். பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வழி அழகானது, ஆனால் சன்னதிக் கூட்டமும் பாதயாத்திரை சீசனும் நேரத்தைத் தின்றுவிடும். நிறுத்தங்களோடு நாலரை, ஐந்து மணி நேரம் வையுங்கள்.

சனிக்கிழமை விடிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பி நேராக டிராக்குக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. வேண்டாம். தூக்கம் கெட்ட கண்ணுக்குப் பிரேக் பிடிக்கும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளிக்கொண்டே போகும். உதவிக்கு வருகிற நண்பர் ஆரப்பாளையத்தில் கோவை பஸ் ஏறி வந்துவிடலாம், வண்டியில் எடை குறையும்.

டிக்கியில் என்ன இருக்க வேண்டும்?

கிளப்புக்குப் பொதுவாக: டார்க் ரெஞ்ச், பாட்டில் ஜாக்கி, காற்றுமானி, 12 வோல்ட் காற்று பம்ப், ஒரு லிட்டர் டாட் 4, நாலு லிட்டர் இன்ஜின் ஆயில், ஐந்து லிட்டர் கலந்த கூலன்ட், ஸ்பேனர் செட், கேபிள் டை, பேப்பர் டேப், கையுறை, தீயணைப்பான். மரக்கட்டை நாலு – எதற்கு என்று கீழே வரும். நிழலுக்குத் தார்ப்பாய் அல்லது பந்தல் துணி, ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம்.

டிராக்கில் இறங்கும்போது வண்டிக்குள் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டிஷ்யூ டப்பா எல்லாம் வெளியே. டிரைவர் பக்க மிதியடியைக் கட்டாயம் எடுங்கள், அது முன்னே நகர்ந்து பெடலுக்கு அடியில் மாட்டும். டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரைப் பையில் பத்திரமாக வைத்துவிடுங்கள். கெட்டியான பிரேக்கில் டேப் பிய்ந்து பறந்தால் முகத்தில் வந்து அடிக்கும். பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழக் கயிறும் அவிழ வேண்டும்.

காலைச் சோதனையில் என்ன பார்ப்பார்கள்?

பேட்டரி கிளாம்ப் ஆடுகிறதா, ஆக்ஸிலரேட்டர் விட்டதும் திரும்புகிறதா, சக்கரத்தை மேல்கீழாகப் பிடித்து ஆட்டினால் பேரிங் சத்தம் வருகிறதா, சீட் பெல்ட் பூட்டுகிறதா, ஒழுகல் உண்டா. வண்டியைக் கட்டி இழுப்பதற்கான டோ ஹூக் முன்பக்கம் மாட்டியிருக்க வேண்டும். பல வண்டிகளில் அது டூல் பையில் தனியாக இருக்கும், பம்பர் மூடியைத் திறந்து திருகி மாட்டுவது. பாதி நேரம் அந்தப் பையை வீட்டிலேயே விட்டு வருகிறார்கள். ஹெட்லைட்டில் பேப்பர் டேப் ஒட்டச் சொன்னால், உடைந்தால் கண்ணாடி சிதறாமல் இருக்கத்தான்.

கொடிகள்?

காலைக் கூட்டத்தில் சொல்வார்கள், ஆனால் மனப்பாடமாக வாருங்கள். மஞ்சள்: முன்னே ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு: செஷன் நிறுத்தம், சடாரென்று பிரேக் அடிக்காமல் வேகம் குறைத்துப் பிட்டுக்கு வா. நீலம்: பின்னால் வேகமான வண்டி, வழி கொடு. மஞ்சளும் சிவப்பும் கலந்த கோடு: டிராக்கில் ஆயில் அல்லது வழுக்கல். கறுப்பு உன் எண்ணோடு: பிட்டுக்கு வந்து பேசு. கறுப்பில் ஆரஞ்சு வட்டம்: உன் வண்டியில் ஏதோ கோளாறு, புகையோ ஒழுகலோ, உடனே பிட். கறுப்பு வெள்ளைக் கட்டம்: முடிந்தது, ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வா.

முதல் செஷனில் எப்படி ஓட்டுவது?

மெதுவாக. டயரும் பிரேக்கும் சூடேற இரண்டு சுற்று ஆகும், மனம் அடங்க மூன்று. வண்டி சறுக்காமல் தானாகக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.பி. இருந்தால் அணைக்காதீர்கள். சீட்டை முன்னே இழுத்து, பிரேக்கை அடிவரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படியும், தோள் சீட்டைவிட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொடும்படியும் உட்காருங்கள்.

வளைவை மூன்றாகப் பிரியுங்கள். நேராக இருக்கும்போதே பிரேக்கும் கியர் இறக்கமும் முடிய வேண்டும். பிறகு வெளி ஓரத்திலிருந்து திருப்பி உள் ஓரத்தைத் தொட வேண்டும். ஸ்டியரிங் நேராகத் திரும்பத் திரும்ப ஆக்ஸிலரேட்டர் ஏற்றிக்கொண்டே வெளி ஓரத்துக்கு விட வேண்டும். முன்சக்கர இழுவை வண்டியில் உள்ளே வேகமாகப் போய்விட்டால் எவ்வளவு திருப்பினாலும் மூக்கு நேராகவே போகும். அப்போது இன்னும் திருப்புவது டயரைத் தேய்க்குமே தவிர வண்டியைத் திருப்பாது. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தளர்த்தி, ஸ்டியரிங்கையும் கொஞ்சம் விடுங்கள், பிடிமானம் திரும்பும். வளைவின் நடுவில் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னே பாய்ந்து பின்பக்கம் சுழலும். புதியவர்கள் அதிகம் சுழல்வது இந்த ஒரு காரணத்தால்தான்.

கண்ணை முன்னே போகும் பம்பரில் வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும் இடத்தில் உள் ஓரத்தைப் பாருங்கள். அங்கே சேரும் முன்பே வெளியேறும் இடத்துக்குப் பார்வை போய்விட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக் இறங்கினால்?

இரண்டு வகை உண்டு, காலுக்கே வித்தியாசம் தெரியும். பெடல் கல்லுமாதிரி இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் பேட் சூடாகிப் பிடிமானம் இழந்துவிட்டது. ஆறினால் பெரும்பாலும் திரும்பிவிடும். பெடல் பஞ்சுமாதிரி அமுங்கி ஆழமாகப் போகிறது என்றால் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்து ஏற்றிக்கொண்டு, கியர் இறக்கி, கையை நீட்டி மெதுவாகப் போவதைக் காட்டிப் பிட்டுக்கு வந்துவிடுங்கள். இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பிட்டில் ஆறியதும் பெடல் இறுகிவிடும். அதை நம்பக் கூடாது. கொதித்த ஆயிலில் குமிழி தங்கியிருக்கலாம். நாலு சக்கரத்திலும் புது ஆயில் விட்டு வெளியேற்றிய பிறகே அந்த வண்டி மதுரை ரோட்டில் ஏற வேண்டும். டிக்கியில் ஒரு லிட்டர் டாட் 4 வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

சுழன்றுவிட்டால்?

இரண்டு காலும் கீழே: கிளட்ச், பிரேக். நிற்கும்வரை பிரேக்கை விடாதீர்கள். பாதியில் விட்டால் வண்டி மீண்டும் டிராக்குக்குள் உருண்டு வந்து பின்னால் வருபவர் மேல் விழும். நின்றதும் மார்ஷலைப் பாருங்கள், அவர் கை காட்டினால் கிளம்புங்கள். மண்ணில் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுத்து மேலே ஏறப் பார்க்காதீர்கள், தார் விளிம்பில் டயர் பிடித்து வண்டி குறுக்கே பாயும். நேராக விட்டு, வேகம் குறைத்து, பிறகு ஏறலாம். அடுத்தது நேரே பிட். டயரில் ஒட்டிய கல்லும், ரேடியேட்டரில் அடைத்த புல்லும் எடுக்க வேண்டும்.

செஷன் முடிந்ததும்?

கடைசிச் சுற்றை மூன்று, நாலாம் கியரில், பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். பின் டிரம்மில் சூடான ஷூ அப்படியே ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் என்றால் பேட் பதிந்த இடத்தில் கறை படிந்து பிறகு அதிரும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். டர்போ வண்டியை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். போனெட்டைத் திறந்து வைக்கலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

பெட்ரோல் எவ்வளவு வேண்டும்?

சராசரி 80 கி.மீ. வேகம் என்றால் 15 நிமிட செஷனில் 20 கி.மீ., கரியில் ஒன்பது பத்துச் சுற்று. லிட்டருக்கு ஐந்து கி.மீ. கொடுக்கும் என்று கணக்கு வையுங்கள்: செஷனுக்கு நாலு லிட்டர், ஐந்து செஷனுக்கு இருபது. கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் இருமும். இன்ஜின் ஆயிலும் அதேபோல்தான், டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டில் இருக்கட்டும்.

எந்த மாதம் நல்லது?

கரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும், நடுநடுவே சாரல். சூடு குறைவு என்பது லாபம். இருங்காட்டுக்கோட்டைக்கு அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரத்தில் ஓரத்தில் வண்ணம் பூசிய கட்டைகளில் ஏறாதீர்கள், சோப்புபோல் வழுக்கும். ஏப்ரல், மே வெயிலில் வண்டியைவிட ஓட்டுபவர்தான் முதலில் சூடாவார். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஹெல்மெட் மாட்டுவதைவிடத் தயிர்சாதமும் மோரும் நல்லது.

குடும்பத்தைக் கூட்டி வரலாமா?

வரலாம். பிட் லேனில் குழந்தைகள் கூடாது. ஓட்டும்போது பக்கத்தில் ஆள் ஏற்றுவது அமைப்பாளர் அனுமதித்தால், ஹெல்மெட்டோடு மட்டும். முதல் நாளில் பயிற்சியாளரைத் தவிர வேறு யாரும் வேண்டாம். பக்கத்தில் மச்சான் உட்கார்ந்தால் பிரேக் பத்து மீட்டர் தள்ளிப்போகும்.

அடுத்து நிஜ ரேஸில் இறங்க வேண்டும் என்றால்?

சொந்தக் காரைப் பிரித்து ரேஸ் வண்டி ஆக்காதீர்கள். சீட்டை எல்லாம் எடுத்து ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு) பற்றவைத்த வண்டி ஆர்.சி.யில் உள்ளபடி இல்லாததால், சட்டப்படி ரோட்டில் ஓட்ட முடியாது, லாரியில்தான் ஏற்றிப் போக வேண்டும். இரண்டு மூன்று டிராக் டேக்குப் பிறகு ஒரு ரேஸ் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, ஒற்றை இருக்கை ரேஸ் வண்டியான எல்.ஜி.பி. ஃபார்முலா 4 போன்ற ஒரே மாதிரி வண்டிகள் ஓடும் பிரிவில் வாடகை வண்டியோடு இறங்குவது செலவு குறைவான வழி. எல்லோருக்கும் ஒரே வண்டி என்பதால் குறை எங்கே என்று உடனே தெரியும்.

ஊருக்குக் கிளம்பும் முன்?

டயரில் காற்று ஏற்றுங்கள். சூட்டில் 36-க்கு இறக்கிய டயர் ஆறியதும் 29, 30-ல் நிற்கும். நாலு பேரும் சாமானும் ஏறி தாராபுரம் ரோட்டில் 100-ல் போக அது போதாது. வீல் நட், இன்ஜின் ஆயில், கூலன்ட் பாருங்கள். பேட் கனத்தைச் சக்கர இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெப்னியைத் திரும்ப வையுங்கள், மிதியடியைப் போடுங்கள். டிராக் வாசலைத் தாண்டியதும் 50 கி.மீ. வேகமே நடப்பதுபோல் தோன்றும், முன்னே போகும் பஸ் நிற்பதுபோல் தெரியும். அரை மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, அன்று ஓட்டாதவர் கையில் சாவியைக் கொடுங்கள்.

திங்கட்கிழமை?

ஆறிய வண்டியில் நாலு சக்கரத்தையும் கழற்றி, டயரின் உள்பக்கத் தோளில் கம்பி தெரிகிறதா, டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்கு வெடிப்பு இருக்கிறதா, ஆக்ஸில் பூட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க்கை லேத்தில் கடையக் கொடுக்கும் முன், மிதமான பத்துப் பிரேக்கில் படிந்த கறை போகிறதா என்று பாருங்கள். பல நேரம் போய்விடும். ஓரக் கட்டையில் ஏறியிருந்தால் வீல் அலைன்மென்ட். இன்ஜின் ஆயிலை அடுத்த சர்வீஸ் வரை விடாமல் 1,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுங்கள்.